உப்புவெளி வீட்டில் இரவில் கேட்க: எச்டி 800 எஸ்ஸா, ஸ்டெலியாவா?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். வீட்டில் இருந்து பாட்டுக் கேட்பதற்கான ஹெட்ஃபோன் பற்றித்தான் கேட்கிறேன். பஸ்ஸில் போட்டுக்கொண்டு போக இல்லை.

எட்டு வருடமாக என்னிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சான் கொண்டுவந்து தந்தது. ஒரு குறையும் இல்லாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனதுதான் பிழை. அவரிடம் அதே சென்ஹைசரின் எச்டி 800 எஸ்ஸும், ஆடிஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸும் இருந்தன. 800 எஸ்ஸில் ஒரு வாத்தியக் குழுப் பதிவு போட்டார். வயலின்காரர் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று கையைக் காட்டிச் சொல்லலாம் போல இருந்தது. எல்சிடி-எக்ஸின் அடித்தொனி இன்னும் திறம். ஆனால் 612 கிராம் பாரம்! அரை மணித்தியாலத்தில் தலையில் தேங்காய் மூட்டை வைத்த மாதிரி ஆகிவிட்டது. என்னுடைய 600 வெறும் 260 கிராம். எனவே எல்சிடி-எக்ஸ் வேண்டாம்.

ஆகஸ்டில் மச்சான் திரும்ப வருகிறார். ஐந்து இலட்சம் வரை செலவழிக்க வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது (எப்படி என்று கேட்காதீர்கள்). 800 எஸ் வாங்கவா, பாவித்த ஃபோகல் ஸ்டெலியா கிடைத்தால் அதை எடுக்கவா? மூடிய வகை என்பதால் ஸ்டெலியா பக்கமும் மனம் போகிறது. நான் கேட்பது இரவு பத்து மணிக்குப் பிறகு, மனைவி அதே அறையில் நித்திரை. 600இன் இரண்டு பக்கமும் திறந்த வலை என்பதால் தவில் சத்தம் அவருக்கும் கேட்கிறது.

கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரம், தவில். அப்பா கோயில் திருவிழாக்களில் பதிந்து வைத்த மேளச்சமாக் கசற்றுகள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். அப்புறம் எண்பதுகளின் இளையராஜா.

வாடைக்காற்று:
800 எஸ். யோசிக்கவே தேவையில்லை. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.

உவர்மலைவாசி:
நான் கொஞ்சம் யோசிப்பேன், அண்ணா.

முதலாவது, அந்தக் கசற்றுகள். உங்கள் அப்பா ஒரே மைக் உள்ள றெக்கோடரில்தானே பதிந்திருப்பார்? அப்படியென்றால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போகும். அது தலையின் நடுவில்தான் கேட்கும், எந்த ஹெட்ஃபோனில் போட்டாலும். 800 எஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் பெரும் பங்கு அந்த அகலமான மேடைக்குத்தான், அதாவது யார் எங்கே இருந்து வாசிக்கிறார் என்று காது உணர்வதற்கு. ஒற்றை மைக் பதிவில் மேடையே இல்லை. மேல்தொனி அதில் நன்றாகத் தெளியும் என்பதால் கசற்றின் இரைச்சலும் சேர்ந்து தெளியும். 2009இல் வந்த முதல் எச்டி 800 காதைக் குத்துகிறது என்று பலர் சொன்ன பிறகுதான் 2016இல் அதை அடக்கி 800 எஸ் வந்தது. அடக்கியும் அது நாதஸ்வரத்துக்கு இரக்கம் காட்டும் ஹெட்ஃபோன் இல்லை. உச்சஸ்தாயியில் சீவாளி (நாதஸ்வரத்தில் ஊதும் நாணல்) கொஞ்சம் கீச்சிட்டாலும் அப்படியே தரும்.

தவிலுக்கு 600 நல்ல பொருத்தம் என்பது என் காது சொல்வது. தவிலின் தொப்பிப் பக்கத்தில் விழும் கம்பும் வலந்தலைப் பக்கத்தில் கூடு (விரலுறை) போட்ட விரல்களும் அதில் கலங்காமல் பிரிந்து கேட்கும். 1997இல் வந்த மாதிரி அது. இன்னமும் ஆட்கள் தேடி வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்டெலியா அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் காது மெத்தை தோல். நம் ஊர் உப்புக்காற்றையும் வியர்வையையும் நினைத்துப் பாருங்கள். என்னிடம் இருந்த தோல் மெத்தை (வேறு ஒரு நிறுவனத்தினது) இரண்டாம் வருடமே கறுப்புச் செதில் செதிலாகக் கழுத்தில் உதிர்ந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய ஹெட்ஃபோனோடு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள், காது அவிந்துவிடும்.

மனைவியின் நித்திரைதான் பிரச்சினை என்றால் பேயர்டைனமிக் டிடி 770, 80 ஓம் (மின்தடை அளவு) வகை பாருங்கள். மூடியது, மெத்தையோ வெலோர் துணி. ஐந்து இலட்சத்தில் சிறு துண்டுதான் போகும்.

ஒரு கேள்வி: கேட்கும்போது மின்விசிறி ஓடுகிறதா? ஜன்னல் திறந்தா?

வெள்ளவத்தை நண்பர்:
அந்தக் குற்றவாளி நான்தான். அன்றைக்கு ஏசி போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தேன் என்பதையும் இவர் எழுதியிருக்கலாம்.

ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பற்றியும் ஒரு சொல். 600, 800 எஸ் இரண்டுமே 300 ஓம். ஃபோனில் செருகும் சின்ன டாங்கிள் ஒரு வோல்ட் தந்தால், 600க்குச் சாதாரண சினிமாப் பாட்டு தாராளமாகக் கேட்கும். ஆனால் கசற்றிலிருந்து எடுத்த பதிவுகள் மட்டம் தாழ்ந்தவை, அங்கேதான் டாங்கிள் மூச்சு வாங்கும். உங்கள் ஆம்பில் இரைகிற சத்தம் இருப்பதாக அன்றைக்கு என் வீட்டில் சொன்னீர்களே, மின்விசிறி ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள். எனக்கு அதுதான் காரணமாக இருந்தது.

உப்புவெளிக்காரன்:
மின்விசிறி ஐந்தாம் நம்பரில், ஜன்னல் திறந்து, கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி. இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

நேற்று இரவு எல்லாவற்றையும் அடைத்து, விசிறியையும் நிறுத்தி 600ஐப் போட்டேன். ஆம்பின் இரைச்சலும் விசிறியோடே நின்றுவிட்டது, நன்றி. பத்து நிமிடம்தான் தாக்குப்பிடித்தேன், பெனியன் நனைந்துவிட்டது. ஆனால் ஒரு கசற்றில், தனி ஆவர்த்தனம் தொடங்குவதற்கு முன் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக "பற்றரி காணுமோ தெரியாது" என்கிறார். எட்டு வருடம் இதே ஹெட்ஃபோனில் கேட்ட பதிவு. ஒருநாளும் அந்தக் குரல் காதில் விழவில்லை. இரண்டு தரம் திருப்பிப் போட்டேன்.

திகைத்துப்போய் மனைவியை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப அறைக்கு ஏசி பூட்டுவம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டார். காலையில் கடைக்குப் ஃபோன் பண்ணி விலையும் கேட்டாயிற்று.

உவர்மலைத் தம்பி, அந்த டிடி 770 உங்களிடம் இருக்கிறதா? சனிக்கிழமை பின்னேரம் வந்து ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா? பென்டிரைவில் இரண்டு மேளச்சமா கொண்டுவருகிறேன்.

உவர்மலைவாசி:
இருக்கிறது, வாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் நல்லது, அதற்கு முன் பக்கத்து வளவில் மரம் அரிகிறார்கள்.