கம்பஸில செய்யிற 'பச்சை பிளாஸ்டிக்' சோத்துப் பார்சலுக்கு எப்ப வரும்?

வெள்ளவத்தை ரவி:
2017 ஏப்ரலில கொழும்பு மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு சனம் செத்தது. செப்டம்பரில, சோறு சுத்துற மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்குத் தடை. அண்டையில இருந்து கம்பஸ் இரசாயனத் துறைகள் மாப்பொருள், வாழைநார், கரும்புச் சக்கை எண்டு உக்கக்கூடிய பல்பகுதியம் (பொலிமர், பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலி மூலக்கூறுப் பொருள்) செய்யிற கதைதான் கேக்கிறன். காலி வீதியில ஒரு சாப்பாட்டுக் கடையிலயும் நான் அதைக் காணேல்ல.

துவாரகா:
அண்ணை, சுடுசோத்துக்கு மேல பருப்பை ஊத்தினா விளங்கும். சோள மாப்பொருளை நொதிக்க வச்சுச் செய்யிற பிஎல்ஏ (PLA) எண்ட பிளாஸ்டிக், 60 பாகை செல்சியஸ் அளவில இளகிடும். வெறும் மாப்பொருள் படலம் எண்டா குழம்பையே உறிஞ்சும், அதில தண்ணியை இழுக்கிற ஐதரொட்சில் கூட்டங்கள் (OH) நிறைய இருக்கு. அதுகளை அசற்றைலாக்கினா, அதாவது அந்த OH இல அசற்றைல் கூட்டத்தை ஏத்தினா, தண்ணி அவ்வளவு பிடிக்காது, ஆனா செலவும் கூடும், உக்கிறதும் பிந்தும். இந்த இழுபறிதான் ஆய்வுகூடத்தில நடக்குது.

ரவி:
அப்ப கடையில 'உக்கும் பை' எண்டு விக்கினமே?

துவாரகா:
அதுகள் கனக்க பிபிஏரி (PBAT) எண்ட வளையக்கூடிய பிளாஸ்டிக் கலந்தது. உக்கும்தான், ஆனா பெரும்பாலும் பெற்றோலியத்தில செய்யிறது. பிரேசிலில 2010 இல இருந்து கரும்பு எதனோலில பொலித்தீன் செய்யினம். தாவரத்தில வந்தாலும் சாதாரண பொலித்தீன்தான், உக்காது.

கொட்டாஞ்சேனை மச்சான்:
பிஎல்ஏ மட்டும் சும்மா உக்கிருமா? 58 பாகை சூட்டுல ஓடுற பெரிய கொம்போஸ்ட் கூடம் வேணுங்க. நம்ம கானுக்குள்ள போனா அப்படியே கெடக்கும். 2021ல கொழும்புக் கடல்ல எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்ல இருந்த 1,680 தொன் பிளாஸ்டிக் மணி பிஎல்ஏவா இருந்திருந்தாலும் கரையில பொறுக்கித்தான் ஆகணும். என்னைக் கேட்டா கம்பஸ் றப்பரைப் பார்க்கணும். றப்பர் பாலே பல்பகுதியம்தானே, 1876லயே கம்பஹா பக்கம் கெனரத்கொட தோட்டத்துக்கு றப்பர் கன்று வந்திருச்சு.

ரவி:
கந்தகம் போட்டுச் சூடாக்கி இறுக்கின, அதாவது வல்கனைஸ் பண்ணின டயர் லேசில உக்குமோ?

கொட்டாஞ்சேனை மச்சான்:
டயர் ஏங்க உக்கணும்? வருசக்கணக்கா உழைக்கணும். டயரை உறுதியாக்கப் போடுற கரித்தூளான காபன் பிளாக்குக்குப் பதிலா உமிச் சாம்பல் சிலிக்காவைப் போட்டுப் பாருங்க. றப்பரும் உமியும் ரெண்டும் நம்ம ஊர்ச் சரக்கு.

துவாரகா:
அது நல்ல வேலைதான், ஆனா பார்சலுக்கு விடையில்லை.

ரவி:
அதைத்தான் நானும் சொல்லுறன். முதல்ல கொம்போஸ்ட் கூடத்தைக் கட்டட்டும், பிறகு கம்பஸுக்குக் காசு குடுப்பம்.

துவாரகா:
கூடம் மரக்கறிக் கழிவுக்கே வேணும், கட்டட்டும். அது எழும்புமட்டும் ஆய்வை நிப்பாட்டினா, அதுக்குள்ள போடுற பையைப் பிறகு டொலர் குடுத்துத்தான் இறக்குவியள்.