காலையில் மட்டும் பழைய ஆர்டர் எண்ணிக்கை: ஃபெட்ச் சர்வருக்கே போகவில்லையா?

கேள்வி:
கடைக்கு ஒரு ஆர்டர் திரை செய்து கொடுத்திருக்கிறேன். புது ஆர்டர் விழுந்தால் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஜேசன் (தரவு) கோப்பைத் திருப்பி எழுதும், திரையில் இருக்கும் பக்கம் 15 நொடிக்கு ஒருமுறை ஃபெட்ச் (பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்கும் கட்டளை) போட்டு அதை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மதியக் கூட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலை 8 மணிக்குத் திறந்ததும் விழுகிற ஆர்டர்கள் ஒரு மணி நேரம் வரை திரையில் வருவதே இல்லை, ரீலோட் செய்தாலும் அதே எண்தான். டெவ்டூல்ஸைத் (பிரவுசருக்குள் இருக்கும் சோதனைப் பலகை) திறந்தால் மட்டும் உடனே சரியாகிவிடுகிறது! அந்த நேரத்து ரிக்வெஸ்ட் எதுவும் சர்வர் லாகில் இல்லை. சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ், பிரவுசர் குரோம். மண்டை காய்கிறது.

பதில் 1:
பிரவுசர் தன் கேஷில் (சேமித்து வைத்த நகல்கள்) இருந்து பழையதைக் காட்டுகிறது. ஜேசன் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு அப்போதைய நேரத்தை ஒட்டிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் புது முகவரி ஆகிவிடும், முடிந்தது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கேஷ் ஃபால்ஸ் என்று கொடுத்தால் அதுவும் இதைத்தான் செய்கிறது.

பதில் 2:
அது வேலை செய்யும், ஆனால் 15 நொடிக்கு ஒரு புது முகவரி என்றால் கேஷில் குப்பைதான் சேரும், 304 ("கோப்பு மாறவில்லை, உன் நகலையே பயன்படுத்து") பதிலும் கிடைக்காது.

டெவ்டூல்ஸில் "கேஷை முடக்கு" டிக் ஆகியிருக்கும் பாருங்கள். அது டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் செல்லும், அதனால்தான் திறந்ததும் சரியாகிறது.

காலையில் மட்டும் ஏன் என்றால், நீங்கள் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரே (நகலை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்பு) அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். என்ஜின்எக்ஸ் சாதாரணக் கோப்புக்கு லாஸ்ட்-மாடிஃபைடும் (கோப்பு கடைசியாக மாறிய நேரம்) ஈடேகும் (கோப்பின் பதிப்பு அடையாளம்) மட்டும் தானாகப் போடும். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் சொல்லாவிட்டால் பிரவுசர் தானே ஒரு கணக்குப் போடும், கோப்பு மாறி எவ்வளவு நேரம் ஆயிற்றோ அதில் 10 சதவீதம். ராத்திரி 9 மணிக்குக் கடைசி ஆர்டர், காலை 8 மணிக்கு முதல் ஃபெட்ச் என்றால் 11 மணி நேரம், அதாவது 66 நிமிடம் சர்வரைக் கேட்கவே கேட்காது. மதியம் கோப்பு மாறி ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், அப்போது 6 நொடி, உங்கள் கண்ணுக்கே தெரியாது. கேஷுக்கான இணையத் தரநிலை ஆர்.எஃப்.சி. 9111 இதை அனுமதிக்கிறது, குரோம் மேல் கோபப்பட வேண்டாம் :)

அந்த ஜேசனுக்கு மட்டும் கேஷ்-கன்ட்ரோல் நோ-கேஷ் என்று ஹெடர் சேருங்கள். நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்றில்லை, ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்றுதான், கோப்பு மாறவில்லை என்றால் உள்ளடக்கம் இல்லாத வெறும் 304 வரும். சேமிக்கவே கூடாதென்றால் நோ-ஸ்டோர், இங்கே அது தேவையில்லை.

கேட்டவர்:
நோ-கேஷ் போட்டேன், லாகில் 304 வரிசையாக ஓடுகிறது, நன்றி. ஆனால் கிச்சனில் இருக்கும் டேப்லெட் மட்டும் இன்னும் பழையதையே காட்டுகிறதே?

பதில் 2:
அதனிடம் பழைய ஹெடரோடு வாங்கி வைத்த நகல் இருக்கிறது, அதன் கெடு முடியும்வரை சர்வர் பக்கமே வராது, அப்புறம் எப்படி அதற்குப் புது ஹெடர் தெரியும்? காத்திருக்க முடியாதென்றால் ஃபெட்ச்சிலேயே கேஷ் ஆப்ஷனுக்கு நோ-கேஷ் கொடுத்துப் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள்.

பதில் 3:
இன்னொன்று, அந்தப் பக்கம் எங்காவது மறைந்த பிரவுசர் டேபில் 5 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் குரோம் 88-லிருந்து டைமரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று மட்டுப்படுத்திவிடும். அதையும் கேஷ் கோளாறு என்று துரத்திக்கொண்டு போகாதீர்கள்.