1999 ஸ்ப்ளெண்டர்: சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது, 15,000 ரூபாய்க்குள் தேற்ற முடியுமா?

மேகமலைப்பையன்:

வணக்கம். சின்னமனூர் பக்கம் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரமாக 1999 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஒன்று பல வருஷமாகக் கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போடா, இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றார், கொண்டுவந்துவிட்டேன். கையில் இருப்பது 15,000 ரூபாய், அதற்கு மேல் இப்போதைக்கு வழியில்லை.

இப்போதைய நிலை: புது பேட்டரி, புது பிளக், புது எஞ்சின் ஆயில் போட்டாயிற்று. சோக் போட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை இறக்கியதும் நின்றுவிடுகிறது. சோக்கோடு ஆக்சிலேட்டர் கொடுத்தால் கார்ப்ரேட்டர் பக்கம் பொக் பொக்கென்று இருமிவிட்டு அணைகிறது. வண்டி சும்மா நிற்கும்போது கார்ப்ரேட்டர் அடியில் இருக்கும் பைப் வழியாகப் பெட்ரோல் சொட்டுகிறது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது நிறையப் புகை வந்தது, இப்போது குறைந்திருக்கிறது. முன் ஃபோர்க்கில் ஒரு பக்கம் ஆயில் கசிவு. ஹெட்லைட் பக்கம் வயரை எலி கடித்து வைத்திருக்கிறது.

இங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு எஞ்சினை முழுசாக இறக்க வேண்டும், சிலிண்டர் போர், பிஸ்டன் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆகும் என்றார். அது போனால் மற்ற எதற்கும் காசு இருக்காது. எனக்கு இதை ஸ்க்ராம்ப்ளர், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் பைக், மாதிரி ஆக்க ஆசை. பின்பக்க ஃபிரேமை வெட்டி ஒற்றை சீட், பட்டன் டயர், குட்டை சைலன்சர். எதை முதலில் செய்வது, எதை விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, எஞ்சினைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் கார்ப்ரேட்டர் கோளாறு. சோக் என்பது காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுவது, அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால் வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் எங்கோ காற்று கூடுதலாக உள்ளே போகிறது, இரண்டில் ஒன்றுதான். பிஸ்டன் தேய்ந்த வண்டி வேறு மாதிரி பேசும். கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள், ஒரு இடத்தில் நன்றாக எதிர்த்து நின்றால் கம்ப்ரெஷன் இருக்கிறது என்று அர்த்தம். முதல் ஸ்டார்ட் புகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இத்தனை வருஷம் சைலன்சருக்குள் சேர்ந்த ஈரமும் பழைய ஆயிலும் எரிந்து தீரட்டும். சூடான பிறகும் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் பற்றி யோசிக்கலாம். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது சின்னச் செலவு.

கார்ப்ரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து பச்சையும் பழுப்புமாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், கீழே துருப்பொடி மணல் மாதிரி கிடக்கும். மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் ஓட்டையுள்ள பித்தளைத் துண்டை, கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் வட்டமாக ஓட்டை தெரிய வேண்டும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட் அதைவிடச் சின்னது, உங்களுக்கு அடைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். சில கார்ப்ரேட்டரில் அதை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், திருகினால் வராது, முரட்டுத்தனம் வேண்டாம், கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரெஸர் காற்றும் போதும். ஊசி, பின், இரும்புக் கம்பி எதையும் உள்ளே விடக் கூடாது. பித்தளை ஓட்டை ஒரு நூல் பெரிதானாலும் அப்புறம் மைலேஜ் போய்விடும். வேண்டுமென்றால் கரண்ட் வயரை உரித்து உள்ளே இருக்கும் செம்பு இழையில் ஒரே ஒன்றை எடுத்து விட்டுப் பார்க்கலாம். ஏர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசி வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள், மறுபடி மாட்டும்போது அதே அளவு.

பெட்ரோல் சொட்டுவதற்குக் காரணம் ஃப்ளோட் நீடில், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி. நுனியில் ஒரு வளையம் மாதிரி தடம் விழுந்திருந்தால் புதுசு போடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு அதே துருப்பிடித்த டேங்கை மாட்டினால் ஒரு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். டேங்கை முதலில் கவனியுங்கள். பெட்ரோல் டேப்பைக் கழற்றிவிட்டு ஓட்டையை அடைத்து, ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்குங்கள், பெரிய செதில்கள் வந்துவிடும். அப்புறம் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து வாய் வரை ஊற்றி ஒரு நாள் விடுங்கள். கொட்டிவிட்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் வாயைத் திறந்து நன்றாகக் காய வைத்து, கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றிச் சுழற்றிவிடுங்கள். அலசிய டேங்கைச் சும்மா வைத்தால் சில மணி நேரத்தில் மறுபடி துருவேறும். பெட்ரோல் பைப்பும் புதுசு போடுங்கள், வழியில் ஒரு ஃபில்டர் வையுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

அப்புறம் ஒன்று. ஆயில் மாற்றியது சரி, ஆனால் இந்த எஞ்சினில் கிளட்ச் பக்க மூடிக்குள் சுழலும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, சின்ன வட்ட மூடி போட்டிருக்கும். பல வருஷக் கறுப்புச் சேறு அதற்குள்தான் அப்பியிருக்கும். மூடியைத் திறந்து துடைத்து, அடியில் இருக்கும் சல்லடையையும் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு கேஸ்கெட், ஒரு மணி நேரக் கூலி, அவ்வளவுதான். எஞ்சின் ஆயுளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

வைகைக்கரை:

எல்லாம் சரி நண்பா, முதலில் ஆர்சி (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? 1999 வண்டி என்றால் 2014ல் 15 வருஷம் முடிந்தது. அதற்கப்புறம் புதுப்பித்தார்களா? புதுப்பித்திருந்தாலும் ஐந்து வருஷத்துக்குத்தான், 2019ல் அதுவும் முடிந்திருக்கும். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வண்டி நம்பரைப் போட்டு மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பார். 2022 ஏப்ரலில் வந்த மத்திய அரசு விதிப்படி பைக்குப் பதிவைப் புதுப்பிக்கத் தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம் 1000. 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு அதை 2025ல் 2000 ஆக்கிவிட்டார்கள். மேலே பசுமை வரி வேறு. உன் பதினைந்தாயிரத்தில் பெரிய துண்டு இதற்கே போகலாம், அதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தில் திட்டம் போடு.

புதுப்பிக்கப் படிவம் 25, மாமா பெயரிலிருந்து உன் பெயருக்கு மாற்ற 29ம் 30ம். சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. ஆய்வாளர் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் அலைச்சல்தான்.

ஃபிரேமை வெட்டாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஷாக் அப்சார்பர் மேல்முனை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். தெருமுனை வெல்டிங்கில் ஒட்டிய குழாய் பள்ளத்தில் இறங்கும்போது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செம்மண்சாலை:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. பின்னால் யாராவது உட்காருவார்களா? சேலைக்கம்பியையும் கைப்பிடியையும் கழற்றிப் போடுவதுதான் எல்லா ஸ்க்ராம்ப்ளர் வேலையிலும் முதல் காரியமாக இருக்கிறது. பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சேலையோ துப்பட்டாவோ ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம், இதில் அழகு பார்க்கக் கூடாது. கறுப்புப் பெயின்ட் அடித்த மெல்லிய கம்பியாகப் போடு, கண்ணுக்கு உறுத்தாது.

பிரேக் ஷூவை இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று. பல வருஷம் ஈரத்தில் கிடந்த ஷூவில் லைனிங் தகட்டைவிட்டுக் கழன்று வரும், வெளியே இருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். டயரில் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், கடைசி இரண்டும் வருஷம், முதல் இரண்டும் வாரம். 2314 என்றால் 2014ல் 23வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயசு டயர் வேண்டாம்.

மேகமலைப்பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழைய ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே டேங்கைக் கழுவினேன், காபித்தூள் கரைசல் மாதிரி வந்தது. கார்ப்ரேட்டரில் பைலட் ஜெட் முழுசாக அடைப்பு. ஸ்ப்ரே அடித்து, நீடில் மாற்றியதும் சோக் இல்லாமல் நிற்கிறது, சொட்டுவதும் நின்றுவிட்டது. பரிவாகனிலும் பார்த்தேன், ஒரு தடவை புதுப்பித்திருக்கிறார்கள், 2019ல் முடிந்திருக்கிறது. மாமா கையெழுத்துப் போட வருகிறேன் என்றார்.

ஆனால் இப்போது வேறு தொந்தரவு. குளிர்ந்திருக்கும்போது ஐட்லிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சரியாக இருக்கிறது. சூடானதும் தானாக ஏறிக்கொள்கிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே இறங்காமல் ஊளையிட்டுக்கொண்டே மெதுவாக இறங்குகிறது. கேபிள் லூசாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

பழைய ஸ்பேனர்:

அப்படியானால் நான் சொன்ன இரண்டாவது காரணமும் இருக்கிறது. காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. எஞ்சின் ஓடும்போது கார்ப்ரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அங்கேதான். பெட்ரோலோ ஸ்ப்ரேயோ சூடான எஞ்சினில் அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

நடுவில் ஒரு கறுப்பு பேக்லைட் துண்டும் ஓ-ரிங்குகளும் இருக்கும். பழைய ஓ-ரிங் தட்டையாகிக் கல் மாதிரி இறுகியிருக்கும், மாற்றுங்கள், சில்லறைக் காசு. அப்படியும் போகவில்லை என்றால் கார்ப்ரேட்டரின் முகம் வளைந்திருக்கிறது. பலர் இரண்டு நட்டையும் பலங்கொண்டு முறுக்குவதால் நட்டு இருக்கும் இரண்டு ஓரமும் எஞ்சின் பக்கம் வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்து காற்று இழுக்கும். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் தெளித்து, முகத்தை அதன் மேல் எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். ஓரம் முதல் நடு வரை ஒரே பளபளப்பு வந்தால் போதும். ஓ-ரிங் பள்ளம் குறையும் அளவுக்குத் தேய்க்காதீர்கள். தேய்த்த தூள் ஒரு துளிகூட உள்ளே தங்காமல் கழுவிவிட்டு மாட்டுங்கள். நட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

டேப்பெட்டையும் (வால்வு இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை வைத்து.

வைகைக்கரை:

ஃபோர்க்குக்கு ஒரு வார்த்தை. சீல் மாற்றும் முன் பைப்பை நகத்தால் தடவிப் பார். துருக்குழி நகத்தில் தட்டினால் புது சீலும் சில நாளில் கிழியும், அந்த பைப்பையும் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஆயிலைக் கொட்டி ஒரே அளவு ஊற்று.

சாமான் வாங்க: ஸ்ப்ளெண்டருக்கு எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதுதான் இந்த வண்டியின் பெரிய பலம். 1994ல் வந்த வண்டிக்கு இன்றைக்கும் பக்கத்துக் கடையில் கிளட்ச் பிளேட் கிடைக்கிறதே. சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் புதுப்பேட்டையில் ஹெட்லைட் வளையம், சுவிட்ச், சைடு பாக்ஸ், ஹேண்டில்பார் எல்லாம் பழசில் வாங்கலாம். பிரேக் ஷூ, பேரிங், செயின், கேபிள் பழசில் வாங்காதே. எலி கடித்த வயரிங்கை டேப் சுற்றி ஒட்டாமல் முழு வயரிங் செட்டே வாங்கிப் போடு, ஆளுக்குக் கொடுக்கும் கூலிக்கு அதுவே லாபம்.

அழகு வேலைக்கு என் யோசனை: ஃபிரேமும் சைலன்சரும் அப்படியே. ஒரிஜினல் சீட் தகட்டின் மேல் ஃபோமைத் தட்டையாகச் சீவி, சீட் கவர் தைக்கிறவரிடம் குறுக்குத் தையல் போடச் சொல். அகலமான ஹேண்டில்பார், வட்ட ஹெட்லைட். பின்னால் 3.00-18 பட்டன் டயர் அந்த ஒல்லி ரிம்மில் தாராளமாக உட்காரும், அதற்கு மேல் போகாதே. நிறத்தை மட்டும் ஆர்சியில் என்ன இருக்கிறதோ அதுவாகவே அடி.

மேகமலைப்பையன்:

கார்ப்ரேட்டர் முகம்தான் அண்ணா! கண்ணாடியில் வைத்துத் தேய்த்தபோது முதலில் ஓரங்களில் மட்டும்தான் பளபளத்தது, நடுப்பகுதி கறுப்பாகவே இருந்தது. இப்போது சூடானாலும் ஐட்லிங் ஏறுவதில்லை. நீலப் புகையும் இல்லை, எஞ்சினை இறக்கப் போவதில்லை.

ஃபிரேமை வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சேலைக்கம்பி இருக்கும், அம்மாவும் பின்னால் உட்கார வேண்டும். ஆர்சி செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், டயர், பிரேக் ஷூ, வயரிங், ஃபோர்க் சீல் இந்த மாதம். சீட்டும் பெயின்ட்டும் தீபாவளி போனஸ் வந்த பிறகு.

ஒரே ஒரு கேள்வி. எஃப்சிக்கு, அதாவது பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வுக்கு, வண்டியைக் காட்டும்போது பட்டன் டயரோடு போகலாமா?

வைகைக்கரை:

ஒரிஜினல் அளவு 2.75-18 சாதா டயரோடு போ, ஹேண்டில்பாரும் பழசே இருக்கட்டும். இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட், இரண்டு கண்ணாடியும் வேலை செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் கையில் வைத்துக்கொள். ஆய்வு நாளுக்கு முன்னாடி பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுவிடு, ஸ்ப்ளெண்டரில் ஹாரன் கம்மினால் முதல் காரணம் அதுதான்.