செத்தவீட்டில் கூட்டாளிக்கு என்ன வேலை? கல்வெட்டில் ஒரு பக்கம் கேட்கிறார்கள்

ஒழுங்கைப் பெடியன் (கொக்குவில்) கேட்டது:

யாழ்ப்பாணக் கம்பஸில் எங்களோடு நாடகம் போட்ட ஒருவன் இந்த மாதத் தொடக்கத்தில் திடீரென்று போய்விட்டான். மாரடைப்பு. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டவன், நெஞ்சு நோகிறது என்று கதிரையில் இருந்தான், பிறகு எழும்பவில்லை. வருத்தம் என்று ஒருநாளும் பாயில் படுத்தவன் இல்லை, முந்தின இரவுகூட வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பழைய பாட்டில் தாளம் பிழை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பெயர் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அவன் மந்திரி. முதல் நாடகத்தில் மந்திரியாக வந்து அரசனைவிடச் சத்தமாகக் கத்தியதால் வந்த பட்டம், கடைசிவரை போகவில்லை.

31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவு மலர், அடிக்கிறார்கள். "உங்கட நாடகக்காரருக்கு ஒரு பக்கம் விட்டிருக்கு அண்ணை, நீங்கள்தான் எழுத வேணும்" என்று அவனுடைய மனைவி சொல்லிவிட்டார். எழுத இருந்தால் வருவதெல்லாம் "கலையுலகின் விடிவெள்ளி", "ஈடுசெய்ய முடியாத இழப்பு". இந்தச் சொற்களை மேடையில் யாராவது சொன்னாலே பின்னால் நின்று முகத்தை நெளிப்பவன் அவன். அவனுக்கே இதை எழுதுவதா? என்ன எழுதலாம், எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கேள்வியாக எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. செத்தவீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. மகன் கொள்ளி வைத்தான். பேரன் முறையான சின்னதுகள் நெய்ப்பந்தம் பிடித்தன. சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாட அவர்களுடைய ஒழுங்கையிலேயே ஒரு ஐயா இருந்தார். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். நான் பந்தலில் கதிரை அடுக்கினேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன், சுடலைக்குப் போய் வந்தேன். உரித்துக்காரருக்கு 31 நாள் துடக்கு. கோயிலுக்குப் போக வேண்டாம், கொண்டாட்டத்துக்குப் போக வேண்டாம், வீட்டுக்குச் சனம் வந்துகொண்டே இருக்கும், எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று நாளுக்கு நாள் செய்ய ஏதோ ஒன்று இருக்கும். எனக்கு அடுத்த நாள் காலை கந்தோர். பக்கத்து மேசைக்காரர் "ஆர் செத்தது, சொந்தமோ?" என்றார். இல்லை, கூட்டாளி என்றேன். "ஓ" என்றுவிட்டு ஒரு ஃபைலை நீட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேறு என்ன செய்வார்?

எங்களில் சிலர் அந்தியேட்டி அன்று அவன் வீட்டு முற்றத்திலேயே பழைய நாடகத்தில் ஒரு காட்சியைப் போடுவோம் என்கிறார்கள். அது சரியா? யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?


சுன்னாகத்து ரீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் முற்றத்து நாடகத்துக்குப் பதில் சொல்கிறேன், வேண்டாம். அன்றைக்கு விடியக் கீரிமலைக்குப் போய் வருவார்கள், பிறகு ஐயர் வீட்டுக்கிருத்தியம் செய்வார், பின்வளவில் சமையல் நடக்கும், சாப்பிட வந்தவர்கள் ஒரு கையில் கல்வெட்டும் மற்றக் கையில் பையுமாக நிற்பார்கள். அந்தப் பிள்ளை, அதுதான் அவருடைய மனைவி, அன்றைக்கு இருந்து மூச்சு விடுவதே பெரிய காரியம். அதற்குள் நீங்கள் வேடம் கட்டி வந்து நின்றால், அவர் பார்க்கவும் வேண்டும், அழவும் வேண்டும், உங்களுக்குச் சாப்பாடும் போட வேண்டும். உங்கள் துக்கத்துக்கு அவரைச் சபையாக்காதீர்கள்.

கல்வெட்டுப் பற்றி. நான் இதுவரை கனக்கக் கல்வெட்டு தொகுத்துக் கொடுத்திருக்கிறேன், ஊரில் ரீச்சர் என்றால் இதுவும் ஒரு வேலை. பிள்ளையார் காப்பு, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். புலம்பல்களை அநேகமாக ஒரே ஆள்தான் எழுதுவார், பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதில் பிழையில்லை, சுருதி மாதிரி அது பின்னால் ஒலிக்க வேண்டும். ஆனால் ஆள் எப்படி நடந்தார், எதற்குக் கோபித்தார் என்பது அந்தப் பாட்டுகளில் வராது. அதற்குக் கூட்டாளிகளின் பக்கம் ஒன்றுதான் இடம். ஆகவே கவிதை எழுத வேண்டாம். நாடகத்தின் பெயர், ஆண்டு, எந்த ஊரில், எந்தக் கோயில் வீதியில், யார் யார் நடித்தது, விளக்குக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "நூலகம்" என்ற இணையத் தளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களை நிறையவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஊர் வரலாறு தேடுகிறவர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். "விடிவெள்ளி" அவர்களுக்கு ஒரு உதவியும் செய்யாது, "மானிப்பாய், 1992" உதவும்.


பழைய மத்தளம் (ரொறன்ரோ) எழுதியது:

மச்சான், ஒழுங்கைப் பெடியன் என்று போட்டால் நீ ஆர் என்று எனக்குத் தெரியாதோ. செத்தவீட்டை நேரலையில் பார்த்தேன், அங்கே பகல் பதினொரு மணி, இங்கே நடுச்சாமம் தாண்டி ஒன்றரை. படம் நின்று நின்று வந்தது. நீ கதிரை தூக்கிக்கொண்டு குறுக்கே போனது மட்டும் வடிவாகத் தெரிந்தது. உனக்காவது தூக்கக் கதிரை கிடைத்தது.

ரீச்சர் விளக்கைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இதை எழுதாமல் விட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். யுத்தத்தால் 1990இல் போன கரண்ட் 1995 வரை வரவில்லை. எங்கள் நாடகம் எல்லாம் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில். அதன் மென்ரில் ஒருதரம் எரிந்துவிட்டால் பிறகு சாம்பலாலான வலைதான், சும்மா ஆட்டினாலே கொட்டிவிடும், பொருளாதாரத் தடைக்குள் இன்னொன்று தேடிப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. கிடங்கும் பள்ளமுமான றோட்டில் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோக முடியாது. ஆகவே நாங்கள் எல்லோரும் மத்தளம், உடுப்பு மூட்டை, சாக்குத் திரை எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக, மந்திரி மத்தியானமே வெளிக்கிட்டு, திருநெல்வேலியில் இருந்து மானிப்பாய் வரைக்கும் விளக்கைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வருவான். வழியில் யாராவது "ஏறும், டபிள் வாறன்" என்று கேட்டால் மறுத்துவிடுவான். எடுத்துரைஞர், அதுதான் கதை சொல்லிக்கொண்டு போகிற பாத்திரம் அவனுக்கு, நாடகம் முழுக்க மேடையை விட்டு இறங்கக் கூடாது, அத்தனை தூரம் நடந்துவிட்டு அப்படியே ஏறி நிற்பான்.

ஒருநாள் நடுவில் பொம்பர், குண்டு போடும் விமானம், சத்தம் கேட்டு அவனே ஓடிப்போய் விளக்கை அணைத்தான். சனம் கலையவில்லை. இருட்டுக்குள்ளேயே அவன் அடுத்த வசனத்தைத் தொடங்கினான், நான் விரலால் மட்டும் மத்தளத்தைத் தட்டினேன். இதை எழுது.


ஒப்பனைப்பெட்டி (கிளிநொச்சி) எழுதியது:

விளக்கை அணைத்தது அவன் இல்லை, நான். காற்றாணியைத் திறந்துவிட்டுக் கை சுட்டுக்கொண்டது எனக்கு, அடுத்த நாளும் எரிந்தது. அவன் வசனம் பேசியது உண்மை. ஆனால் அது அடுத்த வசனம் இல்லை, பயத்தில் முதலாம் காட்சி வசனத்தையே திரும்பவும் தொடங்கினான், பின்னால் இருந்து நாங்கள் சிரித்தோம். மத்தளக்காரருக்கு ரொறன்ரோ போனபிறகு எல்லாம் வீரக்கதையாகிவிட்டது.

ஒழுங்கைப் பெடியனுக்கு: நீர் எழுதும், ஆனால் அவனைத் தெய்வமாக்க வேண்டாம். ஒத்திகைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கைலாசபதி கலையரங்குப் படியில் நாங்கள் காய்ந்துகொண்டு இருப்போம், ஐயா கன்ரீன் பக்கத்தால் ஆறுதலாக வருவார். வந்தவுடன் மற்றவர்களைப் பேசுவார். முதலாம் வருடப் பிள்ளை ஒன்றைக் குரல் எழும்பவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் பேசி அழ வைத்தான், நான் ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், கிணற்றுக்குள் கத்தவிட்டுக் குரல் பழக்கியதும் அவன்தான். இரண்டையும் எழுதும். ஒன்றை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ.

நான் செத்தவீட்டுக்கு வந்தேன், நீர் கண்டிருப்பீர். படலை வரைக்கும்தான். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமா, என் அப்பாவுக்கும் அப்படித்தான் நின்றேன். ஆனால் இந்த முறை விசர் வந்தது. ஒரே மேடையில் அவனோடு பிணம் தூக்கி நடித்தவள் நான், மெய்யாகத் தூக்கும்போது பெண்ணாய்ப் பிறந்தவள் வீடு கழுவ நிற்க வேண்டுமாம். கதிரை அடுக்கியதற்கே நீர் கவலைப்படுகிறீர், எனக்கு அதுகூட இல்லை. சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

எனக்கு உண்மையில் பெரிய கவலை வேறு. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்துச் சனத்தோடு இடம்பெயர்ந்து வெளிக்கிடும்போது நாடகக் கொப்பிகள் இருந்த டிரங்குப் பெட்டியை அவன் வீட்டில்தான் விட்டோம். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் ஆட்களே நசிபட்டுக்கொண்டு நிற்க, பெட்டியை யார் தூக்குவது? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, பெட்டியும் இல்லை. அன்றிலிருந்து எழுத்தில் ஒன்றும் கிடையாது. எங்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனம்தான் தெரியும், அதிலும் பாதி. முழு நாடகமும் தெரிந்தது எடுத்துரைஞருக்கு மட்டும், எல்லோருக்கும் அடியெடுத்துக் கொடுத்தவன் அவன். "ஆறுதலாக இருந்து எழுதுவம்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டு இருந்தது எத்தனை வருடம்!


ஒழுங்கைப் பெடியன் எழுதியது:

ரீச்சர், நன்றி. முற்றத்து யோசனையைக் கைவிட்டாயிற்று. அவனுடைய மனைவியிடம் பட்டும் படாமலும் கேட்டேன், "வேற ஒருநாள் செய்யுங்கோ அண்ணை, நானும் ஆறுதலாகப் பார்க்கலாம்" என்றார்.

ஒப்பனைப்பெட்டி சொன்னதை வாசித்தபிறகு இரண்டாம் காட்சியை எழுதிப் பார்த்தேன். என் வசனம் ஓரளவு வந்தது. அதற்கு அவன் சொல்லும் பதில் வரவில்லை. அவன் கை போகும் விதம் தெரிகிறது, குரல் ஏறும் இடம் தெரிகிறது, சொல் இல்லை. மத்தளம், உனக்கு ஏதாவது நினைவிருக்கா? "வேலி" என்று ஒரு சொல் வரும்.


களரி எழுதியது:

நான் உங்களுக்கெல்லாம் மிகவும் பிந்தியவன், நாடகமும் அரங்கியலும் படித்தவன், இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும்.

மேசையில் இருந்து எழுதிப் பார்க்காதீர்கள், வராது. கூத்தில் இதைக் கண்டிருக்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் போனபிறகு வயதான கூத்தர்களை இருத்திவைத்துப் பாட்டைக் கேட்டால் இரண்டு வரியோடு நின்றுவிடும், எழுப்பி நிறுத்தி மத்தளம் அடித்து ஆட்டத்துக்கு விட்டால் காலோடு சேர்ந்து பாட்டும் வரும். உங்களுடையதும் நடந்து பேசிய வசனம்தானே. ஒரு மண்டபமோ வளவோ எடுத்து, நின்ற இடங்களில் நின்று பாருங்கள். அவர் நின்ற இடத்தில் யாராவது ஒருவர் சும்மா நிற்க வேண்டும், அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவதற்கு ஆள் வேண்டும். தொலைபேசியில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்தது யார் என்பது உட்பட.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதும், 1985இல் "மண் சுமந்த மேனியர்" ஊர் ஊராகப் போனதும் நாங்கள் பரீட்சைக்குப் படித்தவை. அவருடைய பிரதிகள் அச்சில் இருப்பதால் 2025 ஜனவரியில் அவர் மறைந்தபிறகும் என்னுடைய மாணவர்கள் எடுத்து நடிக்கிறார்கள். உங்களைப் போல 90களில் கூடிப் பேசிக் கூடி உருவாக்கிய நாடகங்களுக்கு எழுதியவர் பெயர்கூட இல்லை. மாணவர்கள் கேட்டால் "அப்போதும் நாடகம் நடந்தது" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.


பழைய மத்தளம் எழுதியது:

"வேலி இல்லாத வளவுக்குக் காவல் எதற்கு" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நான் மூன்று அடி அடிப்பேன். அது அவன் சொன்னதா நீ சொன்னதா தெரியாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன், அதுவரை அங்கே ஒருவரும் சாக வேண்டாம்.


ஒப்பனைப்பெட்டி எழுதியது:

அவன் சொன்னது. நீர் அடித்தது இரண்டு அடி.

களரி தம்பி, நீர் எடுத்துரைஞர் இடத்தில் நில்லும். வயது குறைந்தாலும் பரவாயில்லை, அவனும் அப்போது உமது வயதுக்குக் கீழேதான். பிந்தி மட்டும் வர வேண்டாம்.


சுன்னாகத்து ரீச்சர் எழுதியது:

தம்பி, ஒரு அச்சு விஷயம். இப்படியான புத்தகம் நாலு நாலு பக்கமாகத்தான் மடியும். வீட்டுக்காரர் கொடுத்தது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ என்று நின்றால் கடைசியில் வெறும் பக்கம் மிஞ்சும், அதில் அச்சகக்காரர் பூப்படம் போட்டு நிரப்புவார். இன்றைக்கே போய் எத்தனை பக்கம் என்று கேளுங்கள், உங்களுக்கு இரண்டு பக்கம் கிடைக்கக்கூடும். கிடைத்தால் ஒன்றில் நடந்தவற்றை எழுதுங்கள், மற்றதில் நாடகங்களின் பெயரும் ஊரும் நடித்தவர்களும். புரூஃப் வந்ததும் எனக்கு ஒருதரம் அனுப்புங்கள், ஒற்று விட்டுப் போவது என் கண்ணுக்குத் தப்பாது.