பெஞ்ச்மார்க்: அளவுகோலோ உரைகல்லோ?

அண்ணை, பெஞ்ச்மார்க் எண்ட இங்கிலீஸ் சொல்லுக்குத் தமிழா நீங்கள் சொன்ன 'தர அளவுகோல்' எனக்குச் சரிவரேல்லை. அளவுகோல் எவ்வளவு எண்டு மட்டும்தான் சொல்லும், பெஞ்ச்மார்க் எண்டேக்க எதோட ஒத்துப் பாத்து எண்டதும் உள்ளுக்க கிடக்கு. சொல்லே காணி அளக்கிற சேவையர்மாரிட்ட இருந்து வந்தது, உயரம் தெரிஞ்ச இடத்தில கல்லில ஒரு கோடு வெட்டி விடுவினம், அந்த வெட்டுக்குள்ள இரும்பு ஒண்டைச் செருகி அதுக்கு மேல மட்டக்கோலை நிப்பாட்டுவினம், அந்த இரும்புதான் பெஞ்ச். பிறகு அக்கம்பக்கத்தில எதை அளந்தாலும் அதில இருந்து எவ்வளவு மேல கீழ எண்டுதான் கணக்கு.

கொம்பியூட்டருக்கு வரேக்க கருத்து நகந்திட்டுது. ஒரே புரோகிராமை ரெண்டு மெஷினில ஓட்டி எது கெதியா முடிக்குது எண்டு பாக்கிற சோதனைக்கும் அதே பேர்தான். 1972இல வந்த ஒண்டு வெட்ஸ்டோன், இங்கிலாந்தில ஒரு ஊரின்ர பேர், ஆனா சொல்லுக்குக் கருத்து சாணைக்கல். 'வெட்' எண்டா இங்கிலீஸில ஈரம் எண்டும் கேக்கும், அதால 1984இல ஈரத்துக்கு எதிரா 'ட்ரை', காய்ஞ்சது எண்டு பகிடியா ட்ரைஸ்டோன் எண்டு இன்னொண்டு வந்தது. அவங்களே கல்லைத்தான் பிடிச்சிருக்கிறாங்கள்.

அதால என்ர வாக்கு உரைகல்லுக்கு. யாழ்ப்பாணத்தில நகைக்கடையள் இருக்கிற கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டாலே சொல்லுவினம், பத்தர் நகையைக் கல்லில உரைச்சு, பக்கத்தில மாற்று, அதாவது தங்கத்தின்ர தரம், தெரிஞ்ச ஆணியையும் உரைச்சு, ரெண்டு கோட்டின்ர நிறத்தையும் ஒத்துப் பாக்கிறது. ரெண்டு மெஷின், ஒரு கல்லு, அச்சொட்டாப் பொருந்துது. குறள் 505இல வாற கட்டளைக்கல்லும் இதுதான், வடிவான சொல்லு, ஆனா கட்டளையை நாங்கள் ஏற்கெனவே கமாண்டுக்குக் குடுத்திட்டம். 'உரைச்சோதனை'யும் வேண்டாம், டெக்ஸ்டைச் சோதிக்கிறதெண்டு நினைப்பினம்.

மற்றது வினை. "ரெண்டு போனையும் உரைச்சுப் பாத்தன்" எண்டா ஆருக்கும் விளங்கும், 'தர அளவுகோலிட்டுப் பார்த்தேன்' எண்டு ஆர் அண்ணை கதைக்கப் போயினம்?

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். வடிவா யோசிச்சா கல்லு சோதிக்கிற இடம்தான், ஒத்துப் பாக்கிற தரம் அந்த ஆணி. அப்ப "இந்த ஸ்கோர்தான் பெஞ்ச்மார்க்" எண்டு சொல்லுறதுக்கு உரைகல் காணாது. வெறும் ஆணி எண்டா சுவரில அடிக்கிறதெண்டு நினைப்பினம், அதால 'ஒப்பாணி' எண்டு போட்டுப் பாத்தன், எழுதேக்க நல்லாத்தான் இருந்தது, வாசிச்சுக் காட்ட என்ர மகள் "ஆர் செத்தது, ஒப்பாரியோ?" எண்டு கேக்கிறாள். வேற ஏதும் இருந்தா சொல்லுங்கோ.