பின்னவலையா, உடவளவையா: பிள்ளைகளுடன் யானை பார்க்க எங்கே செல்லலாம்?

கேள்வி – மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய்

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் யானை பார்க்க அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். மூத்தவள் யானையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். எனக்கோ சங்கிலியும் அங்குசமும் கொண்டு அடக்கிய யானையின் அருகில் நின்று படமெடுப்பதில் விருப்பமில்லை. காப்பாற்றப்பட்ட யானைகளைத் துன்புறுத்தாமல் பராமரிக்கும் இடம் எது? பின்னவலைக்கே செல்லுமாறு பலரும் சொல்கிறார்கள்.

பதில் – இரத்தினபுரி வாசி

உடவளவைக்குச் செல்லுங்கள். தாயை இழந்தோ, கிணற்றில் விழுந்தோ, சுருக்குக் கம்பியில் சிக்கியோ மீட்கப்பட்ட குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டுக்கே அனுப்புவதற்காக, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1995 இல் அங்கே ஓர் இல்லத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள். வாயிற்கதவைத் திறந்ததும் குட்டிகள் பிளிறிக்கொண்டு முண்டியடித்து ஓடிவரும். பராமரிப்பாளர் புனலில் பாலை ஊற்ற, அது இறப்பர்க் குழாய் வழியாக வாய்க்குள் இறங்கும். முடிந்த பிறகும் இன்னும் வேண்டுமென்று அடம்பிடிக்கும் ஒன்றாவது அங்கே இருக்கும். இவ்வளவையும் வேலிக்கு அப்பால், தூரத்தில் இருந்துதான் பார்க்கலாம். தொடவோ உணவு கொடுக்கவோ அனுமதியில்லை. மனிதரோடு ஒட்டிப் பழகிய யானை பின்னர் காட்டை விட்டு ஊருக்குள் வந்துவிடும் என்பதே காரணம். ஐந்து வயதளவில் அவற்றைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதல் கூட்டம் 1998 இல் சென்றது. உங்கள் மகளுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பதில் – கேகாலையிலிருந்து

பின்னவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 1975 இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா போன்ற யானையைக் காட்டில் விட்டால் அது எப்படிப் பிழைக்கும்? ஆனால் அங்கே இனப்பெருக்கமும் நடப்பதால், காட்டையே காணாமல் பிறந்து வளர்ந்தவையும் கூட்டத்தில் உள்ளன என்பதையும், சங்கிலியைக் காண நேரிடும் என்பதையும் மறைக்க முடியாது. நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு உடவளவையே பொருந்தும்.

பதில் – இரத்தினபுரி வாசி

கேகாலை நண்பர் சொல்வது சரியே. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடவளவையில் வீதியோர மின்வேலியருகே காட்டு யானைகள் வந்து நிற்கும், அவற்றுக்குக் கொடுக்கும்படி பக்கத்திலேயே பழம் விற்பார்கள். வாகனத்தை நிறுத்தாமல் சென்றுவிடுங்கள். அப்படிப் பழகிய யானைகளே பின்னர் வேலியை உடைக்கின்றன.