‘ரோமா’ படத்தை எப்படி அணுகுவது?

கேள்வி: அல்போன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018) படத்தைப் பார்க்கத் தொடங்கினேன். தரை கழுவுவதும் துணி துவைப்பதுமாகவே நெடுநேரம் செல்கிறது. இதைப் பலரும் இவ்வளவு நேசிப்பது ஏன்?

மறுமொழி 1: அந்த வேலைகள்தாம் படத்தின் உயிர். 1970களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரின் ரோமா பகுதியில் தாம் வளர்ந்த வீட்டை, உறவினர்களிடமிருந்து பழைய அறைகலன்களைக்கூடத் திரட்டி மீண்டும் உருவாக்கிய குவாரோன், ஒளிப்பதிவையும் தாமே செய்து, தம்மை வளர்த்த பணிப்பெண்ணுக்கே படத்தைக் காணிக்கையாக்கினார். கேமரா யாரையும் நெருங்கி அவசரப்படுத்தாமல் மெல்லத் திரும்புவதால், படத்தின் நாயகியான பணிப்பெண் கிளியோ ஒவ்வொரு விளக்காக அணைத்துச் செல்வதைக்கூட நாம் முழுமையாகப் பார்க்கிறோம்.

மறுமொழி 2: உடன்படுகிறேன், ஆயினும் இதை வெறும் இனிய நினைவாகக் கொள்ளக் கூடாது. குடும்பத்தோடு தொலைக்காட்சி பார்க்க அமரும் கிளியோவைச் சிறுவன் அணைத்துக்கொள்கிறான். அடுத்த கணமே ஐயாவுக்குத் தேநீர் கொண்டுவர அவள் எழ வேண்டியிருக்கிறது. அன்பும் ஏவலும் ஒரே கூடத்தில் இருப்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு என்றே கருதுகிறேன். அவள் மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிஸ்டெக்கில் சக பணிப்பெண் அடேலாவிடம் பேசும்போது மட்டும் வெளிப்படும் கலகலப்பையும் கவனியுங்கள்.

மறுமொழி 3: தனியாகப் பின்னணி இசை கிடையாது. தெரு வியாபாரிகளின் குரல், நாயின் குரைப்பு, வானொலிப் பாட்டு ஆகியவையே காலத்தை உணர்த்துகின்றன. ஆகவே நல்ல ஒலியமைப்புடன், இடைநிறுத்தாமல் பாருங்கள்.